படிக்காமல் விட்ட பன்னிரண்டாம் அலகு

முப்பத்தொரு வயது வரைக்கும் நான் யாரிடமும் "எனக்குத் தெரியாது" என்று சொன்னதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ரியூசன் வாத்தியார்களுக்கு வருகிற தொழில் வியாதி இது. வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேள்வி கேட்க, "தெரியாது" என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளையும் அந்த வாங்கில் இருந்த மற்ற ஐந்து பேரும் பக்கத்து ஒழுங்கை வாத்தியாரிடம் இருப்பார்கள். அதனால் "நல்ல கேள்வி, நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வருத்தம் என்னவென்றால் அந்தப் பழக்கம் வகுப்போடு நிற்கவில்லை. மேசன்மாரோடும் மிருக வைத்தியரோடும் கோயில் ஐயரோடும் கதைக்கும்போதுகூட எல்லாம் தெரிந்தவனாகவே தலையாட்டினேன்.

உரும்பிராயில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அந்த நாட்களில் என் பெயர் பரவியதற்கு என் கணிதம் காரணமல்ல, என் எதிர்வுகூறல்தான் காரணம். எது சோதனைக்கு வரும், எது வராது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். "கடைசி அலகை விடுங்கோ, உது வராது" என்பது என் புகழ்பெற்ற வசனம். (ஒரு வருடம் வந்துவிட்டது. அந்த வருடத்துப் பிள்ளைகள் இப்போதும் என்னைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புவார்கள்.)

அதே ரியூசன் நிலையத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர் எஸ்தர். சாவகச்சேரிக்காரி, மெதடிஸ்த குடும்பம். இரண்டு வருடம் ஒரே கரும்பலகையை மாறி மாறி அழித்ததில் எங்களுக்குள் விருப்பம் வந்து, கடைசியில் இரண்டு வீட்டிலும் சொன்னோம். என் அம்மா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துவிட்டு, "பெட்டை வடிவோ?" என்று கேட்டார். எஸ்தரின் அம்மா கிரேஸ் அன்ரி அழவேயில்லை. "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தத் தம்பியை வரச் சொல்லு, பாப்பம்" என்று மட்டும் சொன்னாராம். எனக்கு அதுதான் கூடுதலான பயத்தைக் கொடுத்தது. எஸ்தருக்கு அப்பா இல்லை. அன்ரி "ஓம்" என்றால் ஓம், "இல்லை" என்றால் எங்கள் கதை அதோடு சரி.

அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் திகைத்துப்போனேன். எல்லாமே உடுப்பு உடுத்தியிருந்தன! தொலைக்காட்சிக்கு வெள்ளைப் பின்னல் சட்டை. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்கு ஒரு சின்னச் சட்டை. தண்ணீர்ச் சாடிக்கு மணி கட்டிய மூடி. கதிரை முதுகுகள், மேசைகள், பழைய ரேடியோ, வேதாகமம் வைத்த முக்காலி என்று வெறும் மேனியோடு ஒரு பொருளும் இல்லை. அத்தனையும் அன்ரியின் கைவேலை. குறோசே என்பது கொக்கி வைத்த ஒரே ஒரு ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னுவது என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. என்ன தெரியும் என்றால், இந்த வீட்டில் சாய்ந்து இருக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும். ஆனால் பதற்றத்தில் சாய்ந்துவிட்டேன்.

தேத்தண்ணி குடிக்க முன்னால் குனிந்தபோது அன்ரியின் பார்வை எனக்குப் பின்னால் போய் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கதிரையின் வெள்ளைப் பின்னலில், அன்று காலை அம்மா என் தலையில் அப்பிய நல்லெண்ணெய், என் பிடரியின் அளவில் வட்டமாகப் பதிந்திருந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் மன்னிப்புக் கேட்பான். நான் சாடியின் மூடியைக் கையில் எடுத்து, "நல்ல டிசைன், அன்ரி. நானும் கொஞ்சம் பின்னுவன்" என்றேன்.

எஸ்தருக்குத் தேத்தண்ணி புரையேறியது. (ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. வாய் என்னுடையது, வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியாது.)

"ஓமோ?" என்றார் அன்ரி. "ஆரிட்டைப் பழகினனீங்கள்?"

"புத்தகத்திலை, அன்ரி."

"நல்லதாப் போச்சு." அன்ரி எழும்பி உள்ளே போய், வெள்ளைத் துணி ஒன்றோடு வந்தார். "எங்கடை சேர்ச்சிலை நற்கருணை மேசைக்குப் புதுத்துணி. அறுப்பின் பண்டிகைக்கு விரிக்கோணும். மூண்டு பக்கக் கரையை நான் பின்னி முடிச்சிட்டன். நாலாம் பக்கத்தை நீங்கள் பின்னித் தாங்கோ. நாலு அடி. ஒன்பது வரிசை. ரண்டு மாசம் கிடக்கு."

"ஓ, தாராளமா" என்றது என் வாய்.

"கலியாணத்தைப் பற்றிப் பண்டிகை முடியக் கதைப்பம்" என்றார் அன்ரி.

வாசலில் சப்பாத்துப் போடும்போது எஸ்தர் என் காதுக்குள், "உங்களுக்கு விசரோ?" என்று கேட்டார். உள்ளே இருந்த எல்லா உடுப்பும் சிரிப்பதுபோல் இருந்தது எனக்கு.

கைபேசியில் வீடியோ பார்த்துப் பழகியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எஸ்தரும் அதைத்தான் சொன்னார். ஆனால் வீடியோ பார்த்துப் படிக்கிற பிள்ளைகளை வகுப்பில் கிழித்துத் தொங்கவிடுகிறவன் நான். எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. மருதனார்மடம் சந்தைக்குக் கிட்டே ஒரு பழைய புத்தகக் கடையில் தேடி, மட்டையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு பின்னுகிற படம் போட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். பன்னிரண்டு அலகுகள். பொருளடக்கத்தைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. அலகு அலகாகப் பிரித்துத் தந்தால் உலகத்தில் எதைத்தான் படிக்க முடியாது?

மஞ்சள் மார்க்கரால் கோடிட்டேன். ஓரத்தில் "முக்கியம்" என்று எழுதினேன். சங்கிலி, அரைத்தூண், முழுத்தூண் என்று தையல்களுக்குக் குறுங்குறிப்பு எடுத்தேன். எல்லாம் மனப்பாடமான பிறகுதான் ஊசியையும் நூலையும் தொட்டேன். தொட்டதும் அதிர்ச்சி. மனப்பாடம் செய்ததை என் விரல்கள் ஒருவரிகூட வாசிக்கவில்லை. கண்ணிகளை அவ்வளவு இறுக்கமாக இழுத்திருந்தேன், அடுத்த வரிசைக்கு ஊசி உள்ளே போக மறுத்தது. "மூன்று சங்கிலி போட்டுத் திரும்புக" என்று புத்தகத்தில் இருந்தது. நான் கதிரையோடு திரும்பினேன். திரும்பி அடுத்த வரிசையைப் பின்னி, மறுபடி "திரும்புக" என்று வர மறுபடி திரும்பினேன். ஏழாம் வரிசையில் மூன்றரைச் சுற்றுச் சுற்றி முடித்தபோது, நூல் என்னையும் கதிரையையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தார். முப்பத்தொரு வயது ஆம்பிளைப் பிள்ளை, யன்னலைச் சாத்திவிட்டு, வெள்ளை நூலால் கதிரையோடு கட்டுண்டு, கையில் கொக்கி ஊசியோடு இருக்கிறது. அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்துவிட்டார்.

"ஐயோ பிள்ளையாரப்பா! மதத்தை மாத்துவாங்களெண்டுதான் பயந்தனான். உவங்கள் ஆளையே மாத்திப்போட்டாங்கள்!"

திருப்ப வேண்டியது என்னையல்ல, பின்னலை என்று கண்டுபிடிக்க இன்னும் நான்கு நாள் ஆனது. ஆனால் அதன் பிறகு, உண்மையைச் சொன்னால், கை கொஞ்சம் வந்தது. ஆறு வாரத்தில் நாலு அடி நீளம், ஒன்பது வரிசை. இடையில் சில ஓட்டைகள் டிசைனில் இல்லாதவை. ஆனாலும் தூரத்தில் வைத்துப் பார்க்கக் கரை மாதிரித்தான் இருந்தது. நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தேன். உலகம் இவ்வளவு சுகமானதா என்று இருந்தது.

மிஞ்சி இருந்தது பன்னிரண்டாம் அலகு. "முடித்தல்." நாலே நாலு பக்கம். பின்னித்தான் முடித்தாயிற்றே, இனி என்ன முடித்தல்? கடைசி அலகு வராது என்று ஒன்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன், அன்று எனக்கே சொன்னேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நூலை வெட்டி, ஊசியை உருவி எடுத்தேன். ஓரத்தில் ஒரு கண்ணி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அது கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்ததால், கடுதாசி ஒட்டுகிற பசையில் ஒரு சொட்டு வைத்து அமத்திவிட்டேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஓட்டைகளில் ஒவ்வொரு விரலாக விட்டுப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். அந்தச் சொல்லுக்காக நான் அழத் தயாராக இருந்தேன். அதைத் துணியின் பின்பக்கத்தில் வைத்துத் தைத்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணிவிட்டார். கஞ்சியில் கரை மட்டை மாதிரி விறைத்து நின்றது. பசை கரைந்துபோனதும், அந்தக் கண்ணியைக் கஞ்சிதான் பிடித்துக்கொண்டு இருந்ததும் எங்கள் இருவருக்கும் தெரியாது. பின்பக்கம் என்றால் சபைக்குத் தெரியாத பக்கம். ஆனால் மேசைக்குப் பின்னால்தான் போதகர் நிற்பார் என்பதை நான் யோசிக்கவில்லை.

பண்டிகைக்கு என் அம்மாவையும் அழைத்திருந்தார்கள். அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிய ஏலம் விடுவார்கள். "வெறுங்கையோடை எப்பிடிப் போறது?" என்று அம்மா எங்கள் வீட்டுச் செஞ்சேவலைப் பிடித்தார். அதன் காலைக் கட்டக் கயிறு தேடினார். நான் உதவி செய்கிற பிள்ளையாக, மிஞ்சிய பின்னல் நூலை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

தேவாலயம் நிறைந்திருந்தது. பூசணிக்காய், வாழைக்குலை, வெங்காயப் பிடி, மாம்பழப் பெட்டி, நடுவில் பனையோலைக் கடகத்துக்குள் எங்கள் சேவல். அம்மா நெற்றி நிறைய விபூதியோடு மூன்றாம் வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். முன் வாங்கில் அன்ரியும் எஸ்தரும். போதகர் புதுத்துணியில் இரண்டு கையையும் வைத்து ஜெபித்து, அதைப் பிரதிட்டை செய்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு மாப்பிள்ளையாகிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது போதகர் பிரசங்க பீடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருடைய கைக்கடிகாரத்தின் வாரிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு பின்னால் நீண்டது. முதலில் கண்ணில் ஏதோ பிழை என்று நினைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோடு மேசை வரைக்கும் போனது.

என் இரத்தம் அப்படியே நின்றுவிட்டது. எனக்குள் இருந்த கணித வாத்தியார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். போதகர் ஒரு எட்டு வைக்கப் பத்துத் தையல் போகிறது. ஒரு வரிசையில் நூற்றெண்பது தையல். ஒன்பது வரிசை. அவர் ஒரே இடத்தில் நின்று பிரசங்கித்தால் தப்பலாம். கடவுளே, எந்தக் கடவுளாக இருந்தாலும் சரி, இவரை அசையாமல் வைத்திரு.

"நாமெல்லாரும் ஒரே நூலாலே பின்னப்பட்டிருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு போதகர் படியால் இறங்கிக் காணிக்கைப் பொருட்களை ஆசீர்வதிக்க வந்தார்.

அவர் குனிந்த அந்த நேரம் சேவல் எழும்பியது. நான் கட்டிய கட்டு அவிழ்ந்து ஒரு காலில் வாலாகத் தொங்கியது. அந்த வாலும் போதகரின் நூலும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. சேவல் மிரண்டு, பூசணிக்காய்க்கு மேலால் பாய்ந்து, நடுவழியால் வாசலை நோக்கி ஓடியது. நூல் இழுபட்டது. போதகரின் வலது கை தன்பாட்டில் மேலே உயர்ந்தது. கையைக் கண்ட சபை, ஆசீர்வாதம் என்று நினைத்து முழுதாக எழும்பி நின்று தலையைக் குனிந்தது.

நானும் அம்மாவும் மட்டும் தலையைக் குனியவில்லை. அம்மா நூலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த அமைதியில், உரும்பிராய்த் தோட்டத்தில் ஒரு வரம்பிலிருந்து மறு வரம்புக்குக் கேட்கப் பழகிய குரலில் கேட்டார்.

"தம்பி! உது உன்ரை நூலெல்லோ?"

தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. மேசைக்குப் பின்னால் கரை வரிசை வரிசையாகக் கழன்றுகொண்டிருந்தது. துணியும் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர, அதன் மேலிருந்த வெள்ளிப் பாத்திரம் ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். எனக்குக் காலும் இல்லை, கையும் இல்லை, வாயும் இல்லை. அந்த வெள்ளிப் பாத்திரத்தோடு என் கலியாணமும் சரியப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஓடியது கிரேஸ் அன்ரிதான். அறுபது வயது, சரிகைச் சேலை. ஒரே பாய்ச்சலில் மேசைக்குப் பின்னால் போய், ஒரு கையால் பாத்திரத்தைப் பிடித்து, மற்றக் கையின் சுண்டு விரலை அந்தத் திறந்த கண்ணிக்குள் விட்டார். கழன்றது நின்றது. வாசலில் சேவல் விழுந்தது. போதகரின் கை இறங்கியது. சபை மறுபடி உட்கார்ந்தது.

அன்ரி விரலை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி கழலும். அப்படியே நின்றபடி, எல்லாரும் கேட்க, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, முடிவிலை நூலை வெட்டிக் கண்ணிக்குள்ளாலை இழுத்து இறுக்கேல்லையோ?"

"நல்ல கேள்வி" என்று சொல்ல என் வாய் திறந்தது. எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைக் கண்டதும் வாய் மூடிக்கொண்டது. எழும்பி நின்றேன்.

"எனக்குத் தெரியாது, அன்ரி. பின்னவும் தெரியாது. அண்டைக்குப் பொய் சொன்னனான்."

வாசலில் சேவல் மட்டும் கொக்கரித்தது.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் அன்ரி. "சாடி மூடியைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டெல்லோ 'நல்ல டிசைன்' எண்டனீர். உதுக்காகத்தான் பின்பக்கத்தைத் தந்தனான். ஒரு கிழமையிலை வந்து தெரியாதெண்டு சொல்லுவீரெண்டு பாத்தன். நீர் என்னடா எண்டால் நாலு அடியைப் பின்னிக்கொண்டு வந்து நிக்கிறீர்!"

எனக்கு அன்று வந்த அதிர்ச்சிகளில் அதுதான் பெரியது. ஆறு வாரம் கதிரையோடு கட்டுண்டு கிடந்தேனே, அதெல்லாம் ஒரு "தெரியாது" போதும் என்றிருந்த விஷயத்துக்கு! அன்ரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணிக்குள் இருந்த சுண்டு விரல் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு தோள் ஆடியது. பிறகு பாத்திரத்தைப் பிடித்திருந்த கையும் ஆட, போதகர் ஓடிப்போய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அன்ரி சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரை ஒரு கையால் துடைத்துக்கொண்டு நின்றார். மற்றக் கை கண்ணிக்குள் அல்லவா.

சேவலை ஏலத்தில் அன்ரியே எடுத்தார். "அதை வெட்ட மாட்டன், என்ரை மருமோனைப் பிடிச்சுத் தந்தது" என்றார். என் அம்மா அதைக் கேட்டு, மெதடிஸ்தர்கள் எல்லாரும் நல்ல சனம் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

அந்தத் துணி இப்போதும் பண்டிகைகளுக்கு விரிக்கப்படுகிறது. மூன்று பக்கம் ஒன்பது வரிசை. பின்பக்கம் ஆறு வரிசை. கழன்ற மூன்று வரிசையைப் பின்னித் தரட்டுமா என்று நான் கேட்டபோது, "வேண்டாம், அது அப்பிடியே கிடக்கட்டும்" என்று அன்ரி சொல்லிவிட்டார். (இப்போது மாமி.) வகுப்பிலும் நான் மாறிப்போனேன். தை மாதம் கடைசி அலகில்தான் பாடம் தொடங்குகிறேன். காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியும். சாவகச்சேரியில் அவர்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

போன கிழமை எங்கள் கலியாண வீடியோவை மகளுக்குப் போட்டுக் காட்டினோம். போதகர் ஜெபிக்கிறார், அம்மாவின் திருப்திக்கு மேளமும் அடிக்கிறது, நான் எஸ்தரின் கழுத்தில் தாலிக்கொடியைப் போடுகிறேன். எங்கள் பக்கத்துக் கொடி தங்கத்தில் செய்தது. பின்கழுத்தில் சுரை என்கிற திருகாணியைத் திருகிப் பூட்ட வேண்டும். வேர்த்து விறுவிறுத்து அதைப் பூட்டிவிட்டு நிமிர்கிறேன். உடனே, பின்னாலிருந்து கண்ணாடி போட்ட ஒரு முகம் படத்துக்குள் வருகிறது. ஒரு கை நீள்கிறது. மாமி அந்தச் சுரையைப் பிடித்து, ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார்.

"அம்மம்மா ஏன் இழுக்கிறா?" என்று மகள் கேட்டாள்.

குசினியில் இருந்த என் அம்மா, கதிரையில் இருந்த மாமி, பக்கத்தில் இருந்த எஸ்தர் மூன்று பேரும், ஒத்திகை பார்த்தவர்கள்போல ஒரே குரலில் சொன்னார்கள்.

"உன்ரை அப்பர் கடைசிப் பாடம் படிக்கேல்லை, பிள்ளை!"